மூன்றாம் எண் அர்லீதா

அர்லீதா காட்ஸ்டனின் முகத்தைவிட அவளுடைய பிடரியைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். எண்பத்தாறாம் வருஷம் எட்டு வாரம், அந்தப் பிடரியில் மூக்கு இடிக்க இடிக்க நடந்தவள் நான். கல்லூரியில் எங்கள் சகோதரி சங்கத்தில் சேர வந்த ஏழு பெண்களைக் குட்டையிலிருந்து நெட்டை வரை உயரப்படி வரிசையாக நிறுத்தினார்கள். அவள் மூன்றாம் எண், நான் நான்கு. சாப்பாட்டுக் கூடமோ வகுப்போ, எங்கே போனாலும் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒட்டிக்கொண்டு, எல்லோரும் ஒரே காலை எடுத்து வைத்து, வாயைத் திறக்காமல் போக வேண்டும். அவளுடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு. அது இருப்பது அவளுக்கே நான் சொல்லித்தான் தெரியும்.

அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அப்பா காகித ஆலைக்கு மரம் ஏற்றிப் போகும் லாரி ஓட்டினார். அம்மா நெடுஞ்சாலை மோட்டலில் படுக்கை விரிக்கும் வேலை. தென் கரோலினாவில் எங்கள் பக்கத்துக் கறுப்பர் குடும்பங்களில் அந்தக் காலத்தில் கல்லூரிப் படி ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் வீட்டில் இவள்தான் முதல். அப்படி வந்த பெண்களுக்குச் சங்கம் என்பது பொழுதுபோக்கு இல்லை. வேலைக்குச் சிபாரிசு அதுதான். கல்யாணப் பந்தலில் பாடுகிறவர்களும் செத்தால் சவப்பெட்டியைச் சுற்றி வெள்ளை உடுத்தி நிற்கிற நாற்பது பெண்களும் அதுதான். ஊர் எங்களுக்குக் கதவைச் சாத்தியபோது எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட வீடு. அதற்குள் விழுந்த அடியை வெளியே சொல்வது பெற்றவளைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம் என்று நம்பினோம்.

அடி என்றால் சும்மா தட்டுவது இல்லை. சேர வருகிறவள் ஒவ்வொருத்தியும் ஒரு மரமட்டை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, ஏற்கெனவே சங்கத்தில் இருப்பவர்களில் தனக்கு வாய்த்த பெரியக்காவின் பெயரை அதில் அழகாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு குனிய வேண்டும். அதற்குக் ‘கட்டை வாங்குவது’ என்று பேர். எங்கள் வரிசையில் ஏழாம் எண் ஜோனெல் வாண்டர்ஹார்ஸ்ட், தும்மியதற்காகக் கன்னத்தில் ஓர் அறை வாங்கினாள். காதிலிருந்து ரத்தம் ஒழுகிக் கழுத்துப் பட்டையில் ஊறியது. முன்னால் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் எல்லோருக்கும் பத்து. ஜோனெலுக்கு இன்றைக்கும் அந்தக் காது கேட்காது. அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வாள், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அப்படிப்பட்ட மடச்சிகள் நாங்கள்.

அடுத்த வருஷம் நாங்களே பெரியக்காக்கள். வாங்கியதை யாருக்காவது கொடுத்தால்தான் தீரும் என்று கை அரித்தது. ஷெரில் மூஸான் என்கிற ஒல்லிப் பெண் அர்லீதாவின் பங்குக்கு வந்தாள். எங்கள் சங்கத்தைத் தொடங்கிய பெண்களின் பெயரை வரிசையாகச் சொல்லும்போது ஒரு பெயரை விட்டுவிட்டாள். அர்லீதா இருபத்திரண்டு போட்டாள். நான் எண்ணினேன், அதாவது சத்தமாக எண்ணுவது என் வேலை. பதினான்கில் ஷெரில் முழங்கால் மடிந்து விழுந்தாள், இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். மறுநாள் அவளுக்குக் கோலா நிறத்தில் மூத்திரம் போனது. காய்ச்சல் என்று சொல்லி அவள் அம்மா வந்து கூட்டிப் போனாள். அந்தப் பெண் கல்லூரிக்குத் திரும்பவில்லை. தாங்காதவள் என்று சொல்லிவிட்டு நாங்கள் பொரித்த மீன் சாப்பிடப் போனோம்.

தொண்ணூறில் சங்கத்தின் தலைமையகம் இதையெல்லாம் தடை செய்தது. விண்ணப்பம், நேர்காணல், உறுதிமொழி, அதோடு சரி. ஆனால் அடி நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது. அடி வாங்காமல் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவளுக்குக் ‘காகிதம்’ என்று நாங்கள் பட்டம் வைத்தோம். காகிதத்தோடு கை குலுக்க மாட்டோம். கல்லூரித் திருவிழாவில் எல்லோரும் வட்டமாக நின்று காலால் தாளம் போட்டு ஆடும்போது காகிதம் உள்ளே வந்தால் வட்டம் கலைந்துவிடும். நானும் கலைத்திருக்கிறேன்.

அர்லீதா ஆசிரியர் வேலை கிடைக்காமல் டயாலிசிஸ் நிலையத்தில் சேர்ந்தாள். சிறுநீரகம் செத்தவர்களின் கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுக் கழுவித் திருப்பி அனுப்புகிற வேலை. தொண்ணூற்றொன்பதில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழாம் நாற்காலியில் புது நோயாளி உட்கார்ந்திருந்தாள். கோப்பில் ஷெரில் மூஸான் என்று எழுதியிருந்தது.

“நீ மூணாம் நம்பர்தானே?” என்று ஷெரில் கேட்டாள்.

அர்லீதா ஆமாம் என்றாள். வேறு ஆளை அனுப்பட்டுமா என்றும் கேட்டாள்.

“வேணாம், நீயே குத்து. கை நடுங்காமக் குத்து. அன்னிக்கி நடுங்கலியே.”

வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வருஷம், அந்தக் கையில் அர்லீதாதான் ஊசி போட்டாள். ஷெரிலுக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தது, ரத்த அழுத்தமும் இருந்தது. எது சிறுநீரகத்தைக் கொன்றது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அர்லீதா அதை நம்பவில்லை. அடித்த சதை உள்ளுக்குள் நசுங்கிச் சிதைந்து, அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படித்துவிட்டாள். ஷெரில் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்தில் செத்தாள். அடக்கம் முடிந்த மத்தியானம் அர்லீதா தன் மட்டையைக் கொல்லைப்புறத்து எண்ணெய்ப் பீப்பாயில் போட்டு எரித்தாள். ‘அர்லீதா அக்காவுக்கு’ என்று ஷெரில் கைப்பட எழுதிய மட்டை அது. நான் அவளைப் பைத்தியம் என்று திட்டினேன். என் மட்டை அப்போதும் டிவிக்கு மேலே சுவரில்தான் இருந்தது.

அந்த வருஷமே அர்லீதா சங்கத்தின் கல்லூரிக் கிளைக்கு மேற்பார்வையாளராக மனுப்போட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. சேர விண்ணப்பித்த பெண்களை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசை மரப் பெஞ்சில் உட்கார வைப்பாள். எங்கள் போதகர் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து பிரசங்கம் செய்ததாகச் சரித்திரம் இல்லை, அடி வாங்கியவளால் அவ்வளவு நேரம் நேராக உட்கார முடியாது. இவள் பாட்டுக்குழுவில் நின்றபடி எவள் ஒரு பக்கமாகச் சாய்கிறாள், எவள் தொடைக்கடியில் கையை வைத்துக்கொள்கிறாள் என்று பார்ப்பாள். பிறகு திங்கட்கிழமை காலை, வகுப்புக்கு முன்னால், தேவாலயக் கூடத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம். ஒவ்வொருத்தியும் கழிப்பறைக்குப் போய் மூத்திரம் பிடித்து வர வேண்டும். வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து நிறம் பார்ப்பாள். கூடவே உள்ளே போக மாட்டாள், மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அப்போதே பிடித்ததுதானா என்று கிண்ணத்தைத் தொட்டுச் சூடு பார்ப்பாள்.

ஊரே சிரித்தது. பிள்ளைகள் அவளுக்கு ‘மூத்திர அக்கா’ என்று பேர் வைத்தார்கள். தலைமையகத்திலிருந்து இது சங்கத்தின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று கடிதம் வந்தது. அவள் அதை மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று முறை பெஞ்சிலும் கிண்ணத்திலும் கண்டுபிடித்து, அடித்தவர்களை வெளியே அனுப்பினாள். மற்ற வருஷங்களில் அடி விழவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்தது, அவ்வளவுதான்.

என் மகள் டமாரிஸ் இரண்டாயிரத்துப் பதினெட்டில் விண்ணப்பித்தாள். தடை ஓட்டக்காரி, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. திருவிழாவில் காகிதம் ஒருத்தி நீட்டிய கையை யாரும் தொடாமல் விட்டதை அவள் பார்த்திருந்தாள். என்னிடம் வந்து, தான் காகிதமாக வரப் போவதில்லை, பெரியக்காக்களிடம் முழுசாக வாங்கிக்கொண்டுதான் வரப் போவதாகவும் சொன்னாள், வாரம் ஒரு நாள், ஐந்து வாரம். பெற்றவள் என்ன செய்திருக்க வேண்டும்? நான் பெருமைப்பட்டேன். என் ரத்தம் என்று நெஞ்சு விரிந்தது. வரிசையில் பலமானவள் பலவீனமானவளுடைய பங்கையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று புத்தி வேறு சொன்னேன். அவளுடைய பெரியக்கா ட்ரேவியா, பழைய மட்டை ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினாள். சுவரிலிருந்து இறக்கி, குளியல் துண்டில் சுற்றி, நானே கொடுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. திங்கட்கிழமைக் கிண்ணத்துக்கு என்ன செய்வது என்று டமாரிஸ் கேட்டாள். அவளுக்கு அப்போதே நிறம் மாறத் தொடங்கியிருக்க வேண்டும், நான் அதைக் கேட்கவில்லை. என் மாத்திரைப் புட்டி ஒன்றைக் கழுவி, அதில் என்னுடையதைப் பிடித்து, சூடு ஆறாமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று திங்கட்கிழமை அப்படிப் போனது. அந்த மூன்று ஞாயிறும் என் பெண் முன்வரிசைப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகமாகப் பிரசங்கம் கேட்டாள். பாட்டுக்குழுவில் நின்ற அர்லீதாவைப் பார்த்து நானும் சிரித்தேன். ஒரு தாய்க்கு இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான்காம் திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் என் தொலைபேசி அடித்தது. நான் அங்கே துணைத் தலைமையாசிரியை. பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துக் குடித்து நிறத்தை வெளுக்கச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த வாரம் அர்லீதா ரத்தம் காட்டும் சோதனைக் குச்சியும் கொண்டுவந்திருந்தாள். அந்தக் குச்சி ரத்தம் மட்டும் காட்டாது.

“வில்லி, பதறாத,” என்றாள். அவள் குரல் அவ்வளவு தன்மையாக இருந்தது. “ஒம் பொண்ணுக்குச் சக்கர வந்திருக்கு. குச்சி கரும்பச்சையாப் போச்சு. ஓடுற புள்ளைக்கு இது வரக் கூடாது. நாளைக்கே கூட்டிட்டு வா, நான் டாக்டர்கிட்ட சொல்லி வெக்கிறேன்.”

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். சர்க்கரை எனக்கு, பதினோரு வருஷமாக. மாத்திரையை ஒழுங்காகப் போடாதவள் என்று என்னை எத்தனை தடவை அவள் வைதிருக்கிறாள். அசட்டுச் சிரிப்பு ஒன்றுதான் வந்தது.

“யாரு மூத்திரம்டி அது?”

நான் எழுந்து என் அறைக் கதவைச் சாத்தினேன்.

“வில்லி. எங்க வெச்சு அடிக்கிறாளுங்க?”

உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மெழுகுவத்தியில் கை வைத்துச் செய்த சத்தியம் குறுக்கே நின்றது. இப்படி எழுதவே வெட்கமாக இருக்கிறது, என் பிள்ளையைவிட அது பெரிதாக நின்றது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: “இன்னிக்கித் திங்கக்கெழம.”

அவளுக்குப் போதும். எங்கள் ஊரில் திங்கட்கிழமை மூடிக் கிடப்பது கூந்தல் அழகு நிலையங்கள்தான். கிளைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று உண்டு, அது ஜோனெலுடையது. ஒரு காதை எங்கள் வரிசையில் இழந்தவள், மறு காதைத் தானே பொத்திக்கொண்டு சாவியைக் கொடுத்திருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அர்லீதாவின் கார் நடைபாதை மேல் ஏறி நின்றது. கடையின் கண்ணாடிக் கதவு நொறுங்கிக் கிடந்தது, ஜாக்கி நெம்பும் கம்பி அதன் நடுவில். உள்ளே தலை உலர்த்தும் இயந்திரங்கள் ஆறும் ஆளில்லாமல் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தன, அலறல் வெளியே கேட்காமல் இருக்க. பின்னறையில் தலை அலசும் தொட்டிகளைப் பிடித்துக்கொண்டு நாலு பெண்கள் குனிந்து நின்றார்கள். மூன்று பேர் அழுதார்கள். நாலாவது என் மகள், அவள் அழவில்லை. அவளுடைய கால்சட்டை தொடையோடு ஒட்டிக் கறுத்திருந்தது. மூன்று பேர் பங்கையும் அவளே வாங்கிக்கொண்டிருந்தாள், நான் சொன்னபடி.

ட்ரேவியா அப்போது மட்டையை வீசிக்கொண்டிருந்தாள். அர்லீதா நிறுத்து என்று கத்திப் பார்த்தும் அந்த இரைச்சலில் கேட்கவில்லை. இவள் நடுவில் பாய்ந்து இடது கையைக் கொடுத்தாள். எலும்பு முறிந்து கை வளைந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்தேன். ட்ரேவியா மட்டையைக் கீழே போட்டாள், நான் இயந்திரங்களின் ஸ்விட்சை அணைத்தேன். எல்லோரும் உறைந்து நிற்க, டமாரிஸ் மட்டும் குனிந்தபடியே அடுத்த எண்ணைச் சொன்னாள்: “அறுவத்திமூணு. நன்றி, பெரியக்கா.” அடி விழவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் சரிந்தாள். அவளுக்குக் கீழே மூத்திரம் பரவியது. காபிக் கசண்டு நிறம்.

அர்லீதா நல்ல கையால் மட்டையை எடுத்தாள். அதில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள், என் பெயர். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நேராக வந்து என் தொடையில் ஒன்று போட்டாள். ஒற்றைக் கைதான், ஆனால் எண்பத்தேழில் நான் எண்ணின அதே கை. நான் பக்கத்திலிருந்த நாற்காலியையும் தள்ளிக்கொண்டு விழுந்தேன்.

“இது ஒண்ணு,” என்றாள். “ஒம் மவ அறுவத்திரெண்டு வாங்கியிருக்கா. எண்ணிப் பழக்கம்தான ஒனக்கு.”

சொல்லி முடித்ததும் மட்டையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. மட்டையைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு டமாரிஸிடம் மண்டியிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் மகளுடைய இரண்டு தொடையையும் கீறி வீக்கத்தைத் திறந்துவிட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. அர்லீதா கட்டுப் போட்ட கையோடு மறுநாளே ஷெரிஃப் அலுவலகம் போனாள். ட்ரேவியா பெயரையும் மற்ற மூன்று பெரியக்காக்களின் பெயரையும் சொன்னாள். சாவி கொடுத்த ஜோனெலைச் சொன்னாள். மட்டையும் மூத்திரமும் கொடுத்த என்னைச் சொன்னாள். அப்புறம், யாரும் கேட்காமலே, எண்பத்தேழில் ஷெரில் மூஸானுக்கு இருபத்திரண்டு அடித்தது தான் என்றாள். முந்தின நாள் என்னை ஒன்று அடித்ததையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதிக்கொண்ட அதிகாரிக்கு எதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று புரியாமல் போனதாகக் கேள்வி.

தலைமையகம் கிளையை மூடியது. அர்லீதாவையும் நீக்கியது. அவளுடைய சவப்பெட்டியைச் சுற்றி இனி நாற்பது பெண்கள் நிற்க மாட்டார்கள். என் வேலை போனது, அது போக வேண்டியதுதான். பிறகு நீதிபதி எனக்கு முப்பது நாள் சிறை கொடுத்தார். சங்கத்துப் பெண்கள் கடையில் என்னைக் கண்டால் அணைத்துக்கொள்வார்கள். அவளைக் கண்டால் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவார்கள். காட்டிக்கொடுத்தவளாம். நானும் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, கோபம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபின் வாரம் மூன்று நாள் டமாரிஸை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போவேன். வேறு நிலையம் நாற்பது மைல், அதனால் அர்லீதா வேலை செய்கிற இடத்துக்கே. ஏழாம் நாற்காலிதான் காலியாக இருந்தது. மாவுக்கட்டுக் கையால் அவளால் ஊசி போட முடியாது. வேறு பெண் போடுவாள், இவள் பக்கத்தில் நிற்பாள். முதல் மூன்று வாரம் ஒரு தேக்கரண்டி மூத்திரம்கூட வரவில்லை. சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளலாம், பிழைக்காமலும் போகலாம் என்றார்கள். என் மகள் ஷெரிலின் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னோடு பேச மாட்டாள்.

ஆறாம் வாரம், வியாழக்கிழமை. நடைவழியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டமாரிஸ் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொன்னாள் போலிருக்கிறது. அர்லீதா அவளைக் கைத்தாங்கலாக நடத்திப் போனாள். இந்த முறை வெளியே நிற்கவில்லை, கூடவே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெகு நேரம் கழித்துத் தனியாக வந்தாள். கை துடைக்கும் வெள்ளைக் காகிதம் ஒன்றை என் பக்கத்து நாற்காலியில் விரித்து, அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்தாள். அரைக் கிண்ணம் இருந்தது, வெளிறிய மஞ்சள் நிறம்.

“இது அவளோடது,” என்றாள். “பக்கத்துல நின்னு பாத்தேன்.”

திரும்பி உள்ளே நடந்தாள். மாவுக்கட்டைத் தாங்கும் நாடா பிடரியில் முடிச்சுப் போட்டிருந்தது, வலது காதுக்குப் பின்னால் அந்த மச்சம். நான் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது.